ஆசிரியரைக் கண்காணிக்கும் இயந்திரமும் கண்காணிப்போரின் கடமையும்

ஆசிரியர்களின் வரவையும் பணியையும் இலத்திரனியல் சாதனங்களின் ஊடாக மேற்பார்வை செய்வது பற்றிய கருத்துகள் எமது கல்வி வட்டாரங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி பேசப்பட்டு வருகின்றன. அரச ஊழியர்களின் வரவையும் வெளியேறலையும் கைவிரல் அடையாள இயந்திரத்தின் மூலம் உறுதிப்படுத்த வேண்டுமென 2017 ஆம் ஆண்டில் அரச நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. பாடசாலைகள் சிலவற்றிலும் இவ்வியந்திரங்கள் பொருத்தப்பட்டன. 2025 ஓகஸ்ட் மாதத்தில் தபால் ஊழியர்கள் ஒரு வாரமளவில் மேற்கொண்ட பணிப்பகிஷ்கரிப்பில், மேலதிக நேரக் கொடுப்பனவுடன் கைவிரல் அடையாளப் பதிவும் பிரதான விடயமாக இருந்தமையை வாசகர்கள் அறிவர். ஒரு சேவையில் இன்று எழுந்த பிரச்சினை நாளை மற்றொரு சேவையின் வாசலுக்கு வருவது இயல்பே. ஏறத்தாழ 10 ஆயிரம் அரச பாடசாலைகளையும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களையும் கொண்ட கல்விச் சேவைக்கு இது முழுமையாக வந்து சேரும் முன்னரே, இதன் நன்மை தீமைகளை நிதானமாக ஆராய்வது அவசியமாகின்றது.

ஆசிரியர் வரவு என்பது சிறிய விடயமல்ல. நகரத்தின் பெரிய பாடசாலையொன்றில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் அந்தப் பாடவேளையை மற்றொருவர் பொறுப்பேற்பார். மூன்று அல்லது நான்கு ஆசிரியர்களை மாத்திரம் கொண்டு இயங்கும் தோட்டப் பாடசாலையிலோ வன்னியின் உட்கிராமப் பாடசாலையிலோ ஒருவர் வராவிட்டால், இரண்டு வகுப்புகள் அன்றைய தினம் முழுவதும் வெறுமனே அமர்ந்திருக்கும். கணித ஆசிரியர் ஒருவர் மாதத்தில் நான்கு நாட்கள் தவறினால் அதன் விளைவு சில வருடங்களின் பின்னர் க.பொ.த சாதாரண தரப் பெறுபேற்றில் தெரியவரும். தனியார் வகுப்புக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைக்குப் பாடசாலையைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஆசிரியர் உரிய நேரத்துக்கு வருகின்றாரா என வினவுவதற்குப் பெற்றோருக்கும் அரசாங்கத்துக்கும் உரிமை உண்டு. இந்த வினாவையே அவமதிப்பாகக் கருதி முற்றாக நிராகரிப்பது நியாயமாகாது.

இயந்திரத்தைப் பொருத்தினால் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடுமா என்பதே அடுத்து எழும் வினாவாகும். இதற்கு இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்திலுள்ள உதய்ப்பூர் மாவட்டத்தில் நடைபெற்ற இரு பரிசோதனைகள் தெளிவான விடையைத் தருகின்றன. அங்கு சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பாடசாலைகளை நடத்தி வந்தது. 2003 ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு பகுதி பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குத் திகதியும் நேரமும் பதியும் கமராக்கள் வழங்கப்பட்டன. வகுப்பு ஆரம்பிக்கும்போதும் முடிவடையும்போதும் ஆசிரியரையும் பிள்ளைகளையும் சேர்த்து மாணவர் ஒருவர் படம் எடுக்க வேண்டும். அவ்வாறு உறுதியான நாட்களின் எண்ணிக்கைக்கேற்பச் சம்பளம் கணிக்கப்படும். கமரா வழங்கப்படாத பாடசாலைகளில் 42 வீதமாக இருந்த ஆசிரியர் வராமை, கமரா வழங்கப்பட்ட பாடசாலைகளில் 21 வீதமாகக் காணப்பட்டது. பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளும் உயர்ந்தன. எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் ஆகிய பொருளியலாளர்கள் இதனை 2012 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அதே மாவட்டத்தில் அதே நிறுவனத்தின் துணையுடன் 2006 இல் அரச சுகாதார நிலையங்களின் தாதியருக்கும் நேரம் பதியும் இயந்திரங்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. ஆரம்ப மாதங்களில் வரவு கணிசமாக உயர்ந்தது. பின்னர் இயந்திரங்கள் பழுதடைந்தன. சுகாதார நிருவாகம் விதிவிலக்கு நாட்களைத் தாராளமாக வழங்கத் தொடங்கியது. 16 மாதங்களின் பின்னர் கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் ஏனைய நிலையங்களுக்கும் இடையே வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. முதலாவது பரிசோதனையில் விதி தெளிவாக இருந்தது. அதை நடைமுறைப்படுத்தியவர்கள் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தனர். இரண்டாவதில் மேலிருந்தவர்களே விதியைக் கரைத்துவிட்டனர். நிருவாகத்தின் நேர்மையே பயனைத் தீர்மானித்தது என்பது இவ்விரு அனுபவங்களையும் ஒப்பிடும்போது புலனாகின்றது.

இதே இந்தியாவில், 2024 ஜூலை மாதத்தில், உத்தரப் பிரதேச அரசாங்கம் தனது ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களின் வரவை இலத்திரனியல் முறையில் பதிவு செய்யுமாறு பணித்தது. ஆசிரியர்கள் பெருமளவில் எதிர்ப்புத் தெரிவித்தனர். மழைக்காலத்தில் வீதிகள் நீரில் மூழ்குவது, வலையமைப்புக் கிடைக்காமை, அரைநாள் விடுமுறை வசதி இல்லாமை முதலியன அவர்களது முறைப்பாடுகளாக இருந்தன. சில தினங்களிலேயே அத்திட்டம் இரண்டு மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டு, பிரச்சினைகளை ஆராய்வதற்குக் குழுவொன்று அமைக்கப்பட்டது. திட்டத்தை ஆரம்பிக்கும் முன்னர் கேட்டிருக்க வேண்டியதை ஆரம்பித்த பின்னர் கேட்க நேர்ந்ததே அங்கு நிகழ்ந்த தவறாகும்.

எமது நாட்டின் நிலைமை இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. நெடுந்தீவில் கற்பிக்கும் ஆசிரியர் குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகை நம்பியிருக்கின்றார். கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும். சில நாட்களில் புறப்படாமலும் விடும். மலையகத்தில் பேருந்திலிருந்து இறங்கித் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் பல கிலோமீற்றர் நடந்து செல்லும் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் மலையக வீதிகள் துண்டிக்கப்பட்டிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தைப் பொறுத்தவரையில் மண்சரிவில் அகப்பட்டுத் தாமதித்தவரும் வீட்டில் உறங்கித் தாமதித்தவரும் ஒருவரே. காலை 7.30 மணிக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறும் அதிபரிடம் காரணத்தைச் சொல்ல முடிந்தது. அந்த அதிபர் சில வேளைகளில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பாகுபாடு பார்த்தார் என்பதும் உண்மை. இயந்திரம் பாகுபாடு பார்ப்பதில்லை என்பது அதன் சிறப்பு. எவருடைய நியாயத்தையும் கேட்பதில்லை என்பது அதன் குறை. இக்குறையை ஈடுசெய்யும் பொறுப்பு மனிதரையே சார்ந்தது.

வரவு உறுதிப்படுத்தப்பட்ட பின்னரும் பிரதான விடயம் எஞ்சியிருக்கின்றது. காலை 7.25 இற்கு விரலை வைத்துவிட்டு வகுப்பறைக்குச் செல்லாமல் ஓய்வறையில் இருப்பவரையும், பின்தங்கிய பிள்ளையின் அருகில் அமர்ந்து எழுத்துக்கூட்டிக் கற்பிப்பவரையும் அந்தப் பதிவு ஒரே தரத்தில் வைக்கின்றது. அளக்கக்கூடியதை மாத்திரம் அளந்து அதையே கல்வியென்று எண்ணுவதன் விளைவை உலகம் முன்னரும் கண்டிருக்கின்றது. 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், பிள்ளைகளின் வரவையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பரிசோதகர் நடத்தும் பரீட்சையின் பெறுபேற்றையும் அடிப்படையாகக் கொண்டு பாடசாலைகளுக்கு மானியம் வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. ஆசிரியர்கள் பரிசோதகர் வரும் நாளுக்காகவே கற்பித்தனர். வாசிப்பு நூல்களைப் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவித்தனர். பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றிய கவிஞர் மத்தியூ ஆர்னோல்டே இம்முறை கல்வியை இயந்திரத்தனமாக்குவதாகத் தமது அறிக்கைகளில் கண்டித்தார். 1890 களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அன்று பரிசோதகரின் குறிப்பேடு செய்ததை இன்று கைத்தொலைபேசிச் செயலி செய்வதற்கு இடமளிக்கலாகாது.

இதன் அறிகுறிகள் ஏற்கனவே எமது பாடசாலைகளில் தென்படுகின்றன. ஒரு நிகழ்ச்சித்திட்டம் நடைபெற்றதா என்பதைவிட அதன் நிழற்படம் வட்ஸ்அப் குழுவில் பதிவேற்றப்பட்டதா என்பதே முக்கியமாகிவிட்டது. சிரமதானம், வாசிப்பு மாதம், போஷாக்குத் திட்டம், விளையாட்டு விழா என ஒவ்வொன்றுக்கும் படம் கேட்கப்படுகின்றது. ஒரே தகவலை வலயம் ஒரு படிவத்திலும் மாகாணம் மற்றொரு படிவத்திலும் கோருகின்றது. இரவு எட்டு மணிக்கு வரும் செய்திக்கு மறுநாட் காலைக்குள் பதில் அனுப்ப வேண்டியிருக்கின்றது. இவ்வளவுக்கும் பயன்படும் தொலைபேசியும் இணையச் செலவும் ஆசிரியருடையவை. கொரோனாக் காலத்தில் நிகழ்நிலைக் கற்பித்தலைத் தமது சொந்தச் செலவிலேயே ஆசிரியர்கள் முன்னெடுத்தனர். சம்பள முரண்பாட்டை முன்வைத்து 2021 ஜூலையில் அவர்கள் அதிலிருந்து விலகியபோது நாடளாவிய ரீதியில் அக்கற்பித்தல் பெருமளவில் முடங்கியது. ஆசிரியரின் விருப்பமும் உழைப்பும் இல்லாவிடின் எந்தத் தொழில்நுட்பமும் வகுப்பறையில் உயிர் பெறாது என்பதை அந்த மூன்று மாதங்கள் உணர்த்தின.

மேற்பார்வை எதற்காக என்ற வினாவுக்கு யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் இணைந்து 1966 ஒக்டோபர் 5 ஆம் திகதி ஏற்றுக்கொண்ட ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரை தெளிவான பதிலைக் கொண்டிருக்கின்றது. பரிசோதனை முறையும் மேற்பார்வை முறையும் ஆசிரியரை ஊக்குவித்து அவரது பணிக்கு உதவுவனவாக அமைய வேண்டும். அவரது சுதந்திரத்தையும் முன்முயற்சியையும் பொறுப்புணர்வையும் குறைப்பனவாக இருத்தலாகாது என அது கூறுகின்றது. மதிப்பீடு பக்கச்சார்பற்றதாகவும் ஆசிரியருக்கு அறிவிக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும், நியாயமற்றதெனக் கருதினால் மேன்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் எனவும் அது வலியுறுத்துகின்றது. செயலிகள் தோன்றுவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னர் எழுதப்பட்ட இவ்வாசகங்கள் இன்றும் பொருந்துகின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் நடந்தது இதற்குச் சான்றாகும். அங்குள்ள பாடசாலை நிருவாகம் மாணவரின் பரீட்சைப் புள்ளிகளைக் கணினி மென்பொருளுக்கு உட்படுத்தி, அதன் மூலம் கிடைத்த மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியர்களின் திறனை மதிப்பிட்டது; பணிநீக்கத்துக்கும் அது பயன்பட்டது. அக்கணிப்பு முறை தனியார் நிறுவனமொன்றின் வியாபார இரகசியமாகையால் தமது மதிப்பெண் சரியா பிழையா என்று சரிபார்க்க ஆசிரியரால் இயலவில்லை. ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், இவ்வாறு சரிபார்க்க முடியாத ஒன்றைக் கொண்டு தொழிலைப் பறிப்பது உரிய சட்ட நடைமுறைக்கு முரணானது என்ற வாதத்தை முன்கொண்டு செல்வதற்கு 2017 மே மாதத்தில் சமஷ்டி நீதிமன்றம் இடமளித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சமரசம் எட்டப்பட்டு, சரிபார்க்க இயலாத அத்தகைய மதிப்பெண்களைக் கொண்டு ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதில்லை என நிருவாகம் உடன்பட்டது. செயற்கை நுண்ணறிவு எல்லாத் துறைகளிலும் புகுந்துவரும் இக்காலத்தில் இவ்வழக்கின் படிப்பினை மேலும் பெறுமதியுடையதாகின்றது. ஓர் ஆசிரியரின் இடமாற்றத்தையோ பதவி உயர்வையோ கணினி தரும் எண் தீர்மானிக்குமாயின், அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்பதை அறியும் உரிமை அவருக்கு இருந்தேயாக வேண்டும்.

சேகரிக்கப்படும் தரவின் பாதுகாப்பு அடுத்த விடயமாகும். கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரலின் ரேகையை மாற்ற முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், ஆளை அடையாளம் காணப் பயன்படும் உயிரியல் அடையாளத் தரவுகளையும் சிறுவர் தொடர்பான தரவுகளையும் விசேட வகைக்குள் சேர்த்திருக்கின்றது. தானியங்கி முறையில் எடுக்கப்படும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையையும் அது வழங்குகின்றது. எனினும் 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் இயந்திரம் பாடசாலைக்குள் வந்துவிடுமாயின், அந்த ரேகைகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பராமரிக்கும் நிறுவனம் எது, ஆசிரியர் ஓய்வுபெற்ற பின்னர் அவை அழிக்கப்படுமா என்ற வினாக்களுக்கு எவர் பதிலளிப்பார்?

சம்மதம் பெற்றுத்தானே செய்கின்றோம் எனச் சிலர் வாதிடலாம். சுவீடனின் ஷெல்லெஃப்தியோ நகரப் பாடசாலையொன்றில் 22 மாணவர்களின் வரவை முகத்தை இனங்காணும் கமராவின் மூலம் பதிவு செய்து பார்த்தனர். அதற்குச் சம்மதமும் பெறப்பட்டிருந்தது. ஆயினும் 2019 ஓகஸ்ட் மாதத்தில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு நிறுவனம் 2 இலட்சம் குரோனர் அபராதம் விதித்தது. பாடசாலைக்குக் கட்டுப்பட்டிருக்கும் மாணவர் சுதந்திரமாகச் சம்மதிக்க முடியாது. வரவு எடுப்பதற்கு இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன என்பது அதன் நிலைப்பாடாகும். மேலதிகாரி கேட்கும்போது ஆசிரியர் அளிக்கும் சம்மதத்துக்கும் அதிபர் கேட்கும்போது பெற்றோர் அளிக்கும் சம்மதத்துக்கும் எவ்வளவு பெறுமதி உண்டென்பதை இங்கும் சிந்திக்க வேண்டும்.

கண்காணிக்கப்படும் ஆசிரியரே மாணவரைக் கண்காணிப்பவராகவும் இருக்கின்றார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தமது அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டுமெனக் கோருவோர் பிள்ளையின் அந்தரங்கத்தையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் பிள்ளைகளின் படங்களும் பெயர்களும் புள்ளிகளும் முகநூலில் நிரம்பி வழிகின்றன. சித்தியடையாத பிள்ளையின் புள்ளி வகுப்புக் குழுவில் நூறு கைத்தொலைபேசிகளுக்குச் செல்கின்றது. இலவச உதவி பெறும் பிள்ளை கையில் பொதியுடன் கமராவின் முன்னே நிறுத்தப்படுகின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோவர் மெரியன் பாடசாலை நிருவாகம் மாணவருக்கு வழங்கிய மடிக்கணினிகளின் கமராக்கள் அவர்கள் வீட்டில் இருந்தபோதும் இரகசியமாக இயக்கப்பட்டமை 2010 இல் அம்பலமாகி, 6 இலட்சத்து 10 ஆயிரம் டொலர் செலுத்தி வழக்குகளைத் தீர்க்க நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் 49 நாடுகளின் அரசாங்கங்கள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றுள் 89 வீதமானவை சிறுவரின் உரிமைகளைப் பாதிக்கும் அல்லது பாதிக்கக்கூடிய வகையில் தரவுகளைக் கையாண்டன. கல்வியில் தரவு அந்தரங்கத்தைச் சட்டத்தில் வெளிப்படையாக உறுதிப்படுத்தியுள்ள நாடுகள் 16 வீதம் மாத்திரமே என யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகின்றது.

மேற்பார்வை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே பார்க்கின்றது என்பதும் எமது நிருவாகத்தின் பழைய குறைபாடாகும். புதிய கல்விச் சீர்திருத்தத்துக்கென அச்சிடப்பட்ட ஆறாம் தர ஆங்கிலப் பாடத் தொகுதியில் சிறுவருக்குப் பொருந்தாத இணையத்தள முகவரியொன்று இடம்பெற்றிருந்தமை 2025 இறுதியில் தெரியவந்து பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. 2026 ஜனவரியில் ஆறாம் தரச் சீர்திருத்தமே ஒரு வருடத்துக்குப் பிற்போடப்பட்டது. ஆசிரியர் ஐந்து நிமிடம் தாமதிப்பதைப் பதிய இயந்திரம் தேடும் நிருவாகம், இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கைகளுக்குச் செல்லவிருந்த ஒரு முகவரியைச் சரிபார்க்கத் தவறியது. பொறுப்புக்கூறல் வகுப்பறையின் வாசலில் ஆரம்பித்து அங்கேயே முடிவடையுமானால் அதனை நீதியென்று கூற முடியாது.

ஆகவே சில விடயங்களை இயந்திரக் கொள்வனவுக்கு முன்னரே உறுதிசெய்தல் நன்று. முதலாவதாக, இயந்திரத்தின் பதிவை ஒரு சான்றாக மாத்திரம் கொள்ள வேண்டும். காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் அதிகாரம் அதிபருக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும். கஷ்டப் பிரதேசங்களுக்கும் தீவுகளுக்கும் அப்பகுதிப் போக்குவரத்தைக் கருத்திற்கொண்ட விதிகள் வேண்டும். இரண்டாவதாக, என்ன தரவு, எதற்காக, எவ்வளவு காலம், எவர் பொறுப்பில் என்பன ஆசிரியருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்து மூலம் அறிவிக்கப்பட வேண்டும். வரவுக்கெனப் பெற்ற தரவைப் பழிவாங்கும் இடமாற்றத்துக்கோ தொழிற்சங்கச் செயற்பாட்டாளரைப் பின்தொடர்வதற்கோ பயன்படுத்துவது தண்டனைக்குரியதாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கற்பித்தலின் தரத்தை அதிபரும் சேவைக்கால ஆலோசகரும் வகுப்பறையில் அமர்ந்து பார்த்து, ஆசிரியருடன் கலந்துரையாடியே மதிப்பிட வேண்டும். நான்காவதாக, ஒரு தகவல் ஒரு தடவை மாத்திரமே கோரப்பட வேண்டும். பாடசாலை நேரத்துக்குப் பின்னர் உத்தரவுகள் அனுப்புவதற்கு வரையறை வேண்டும். ஐந்தாவதாக, மாணவரின் படம், புள்ளி, குடும்ப நிலை ஆகியவற்றைப் பகிர்வது தொடர்பில் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான ஒழுக்கக்கோவையொன்று வேண்டும்.

ஆசிரியர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. எல்லாவற்றையும் எதிர்ப்பதால் கடமை தவறும் சிலரைப் பாதுகாப்பவர்களாகவே அவை பொதுமக்களின் கண்ணுக்குத் தெரியும். எமது வரவை அளவுங்கள், ஆனால் இன்ன விதிகளின்படி அளவுங்கள் என்று அவை முன்வருமாயின் பெற்றோரின் ஆதரவு அவற்றின் பக்கம் திரும்பும். ஒழுங்காகப் பணிபுரியும் பெரும்பான்மையான ஆசிரியருக்கு நேர்மையான பதிவு பாதுகாப்பாகவும் அமையும். நாள்தோறும் படகேறியும் மலையேறியும் நேரத்துக்கு வருபவரின் உழைப்பு இதுவரை எந்த இடாப்பிலும் தனியாகப் பதியப்பட்டதில்லை.

அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களங்களும் ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து இவ்விதிகளை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரக் கொள்வனவுக்கான கேள்விப்பத்திரத்தை அதன் பின்னர் கோரலாம். இந்த ஒழுங்கு தலைகீழாகுமானால், செலவிடப்பட்ட பணம் பழுதடைந்த பெட்டிகளாகச் சுவரில் தொங்கும்; ஆசிரியருக்கும் நிருவாகத்துக்கும் இடையிலான நம்பிக்கை மேலும் நலிவடையும். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் காத்திருக்கும் பிள்ளை தொடர்ந்தும் காத்திருக்க நேரிடும். அந்நிலை ஏற்படாதிருக்கச் சம்பந்தப்பட்ட அனைவரும் இப்பொழுதே முன்வர வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.